கிளாசிக்கல் கிட்டார்: தனிவகுப்பில் சேருமுன் அறிய வேண்டியவை

கிட்டார் கற்கும் ஆசையில், இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கிக்கொண்டு முதல் வகுப்புக்குப் போகிறவர்கள் பலர். உறையைத் திறந்ததும் ஆசிரியர் சொல்வது, "இது கிளாசிக்கல் கிட்டார் இல்லையே" என்பதாக இருக்கும். மூன்று ஆண்டுகளுக்குமுன் என் முதல் வகுப்பும் அப்படித்தான் தொடங்கியது. நான் கொண்டுபோனது எஃகுக் கம்பி பூட்டிய கிட்டார். அன்றைய முக்கால் மணி நேரமும் ஆசிரியரின் கிட்டாரை இரவல் வாங்கித்தான் வாசித்தேன்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால், கிளாசிக்கல் கிட்டாரில் நைலான் தந்திகள். அதன் கழுத்து மேல்முனையில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் அகலம். எஃகுக் கம்பி கிட்டாரில் அது 43 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தந்தியில் வேலை செய்ய அந்தக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பியை மாட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அந்த இழுவிசையில் தந்திகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்து வந்துவிடும்.

இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தை அமைத்தவர், 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ். நைலான் தந்தி வந்தது 1940களில்தான். அதற்குமுன் விலங்குக் குடலைத் திரித்த நரம்புகளையே பூட்டினர். யாழின் தந்தியைச் சங்க இலக்கியம் 'நரம்பு' என்று குறிப்பிடுவது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

பெரியவர்களுக்கான வழக்கமான கிட்டாரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் 650 மில்லிமீட்டர். சிறுவர்களுக்கு முக்கால் அளவு கிட்டார் உண்டு. அதில் இது 580 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 'வளர்ந்துவிடுவான், பெரியதாகவே வாங்கிவிடுவோம்' என்ற கணக்கு சட்டைக்குச் சரி, கிட்டாருக்குச் சரிவராது. கை எட்டாத பிள்ளை தோளைத் தூக்கி, மணிக்கட்டை வளைத்து வாசிக்கப் பழகிவிடும். பெனின்சுலா கடைத்தொகுதி, பிராஸ் பாசா வளாகம் போன்ற இடங்களில் உள்ள இசைக் கடைகளில் மடியில் வைத்துப் பார்த்து வாங்கலாம். முதல் வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

தனிவகுப்பு எதற்கு?

காணொளி பார்த்தே கற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டுக்குத் துணையாகத் தாளம் தட்டி வாசிக்க அது போதலாம். கிளாசிக்கல் கிட்டாரில் மெட்டு, பக்க இசை, அடித்தளச் சுரம் எல்லாவற்றையும் ஒருவரே ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். அதற்கு இரு கைகளும் முதல் சில மாதங்களில் எப்படிப் பழகுகின்றனவோ அப்படியே நிலைத்துவிடும். நம் கையில் உள்ள பிழை நமக்குத் தெரியாது. அதைப் பார்த்துத் திருத்தும் ஒருவரின் கண்களுக்காகத்தான் கட்டணம் செலுத்துகிறோம்.

அதனால், தொடக்க வகுப்புகள் பார்ப்பதற்குச் சலிப்பூட்டும். நாற்காலியின் விளிம்பில் உட்கார வேண்டும், இடக்காலைச் சிறு மணையின்மேல் வைக்க வேண்டும், கிட்டாரின் கழுத்தைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். பிறகு திறந்த தந்திகளை ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும். அவ்வளவுதான். முதல் நாளே பாட்டு சொல்லித்தரும் ஆசிரியரைவிட, முதல் நாள் முழுவதும் உங்கள் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருப்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வலக்கைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றை ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகளான பி, ஐ, எம், ஏ என்று குறிப்பார்கள். சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. வீணை கற்றவர்கள் இங்குக் கவனிக்க வேண்டும். வீணையில் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியைக் கீழ்நோக்கி மீட்டும். கிட்டாரில் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மேலே வரும். பல ஆண்டு வீணைப் பயிற்சி உள்ளவர்களுக்கும் இது தலைகீழ்ப் பாடம்தான். ஆனால், தந்தியை மெட்டுக்கு ஒட்டினாற்போல் அழுத்தும் இடக்கைப் பழக்கம் அவர்களுக்கு நன்றாகவே உதவும்.

நகமும் வலியும்

இடக்கை நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். வலக்கை நகங்களைச் சற்று வளர்த்து, மெல்லிய அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு இதில் ஒரு சிக்கல்: வலக்கை நகமெல்லாம் மஞ்சள் ஏறிவிடும். வகுப்புக்குப் போகும் நாளில் மதியம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு நானும் வெட்கப்பட்டிருக்கிறேன். தொடக்கநிலையில் நகமே வேண்டாம், விரல்நுனிச் சதையால் மீட்டலாம் என்று பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒலி சற்று மந்தமாக இருக்கும், குறையொன்றுமில்லை.

இடக்கை விரல்நுனி முதல் சில வாரங்கள் எரியும். தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ கட்டைவிரல் அடியிலோ வலி வந்தால் அது வேறு. பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. உடனே நிறுத்தி, அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தேவைக்கு மேல் அழுத்துவதே காரணமாக இருக்கும். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஐந்து கோட்டுக் குறியீடு

பலரும் தடுமாறும் இடம் இது. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரில் முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் கட்டத்திலும் மூன்றாம் தந்தியின் 9ஆம் கட்டத்திலும் நான்காம் தந்தியின் 14ஆம் கட்டத்திலும் இருக்கிறது. எங்கே வாசிப்பது என்பதை முன்பின் வரும் சுரங்களைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். இதற்குப் பயந்து, எண்களால் இடம் காட்டும் எளிய முறைக்கு ஓடுபவர்கள் பிறகு சிரமப்படுகிறார்கள். நாளும் ஐந்து நிமிடம் புதிய வரியொன்றைப் படிப்பது பயன்தரும்.

பள்ளியில் கிட்டார் குழுவை இணைப்பாட நடவடிக்கையாகச் செய்த மாணவர்களுக்கு இந்தக் குறியீடு ஓரளவு பழக்கமாக இருக்கும். ஆனால், குழுவில் ஒருவர் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் வாசிப்பார். தனிவாசிப்பில் இரண்டு மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பதால் அவர்களும் சற்றுப் பின்னே வந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

பயிற்சியும் பொறுமையும்

வாரம் ஒரு வகுப்பு, அதுவும் 30 அல்லது 45 நிமிடம். மீதி ஆறு நாளில்தான் உண்மையான கற்றல். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 20 நிமிடம் மேல். வேலை முடிந்து இரவு வீடு திரும்புவோருக்கு ஒரு வசதி: நைலான் தந்தியின் ஒலி மெல்லியது. கதவைச் சாத்திவிட்டு வாசித்தால் வீவக அண்டைவீட்டாரின் தூக்கம் கெடாது.

முதல் ஆண்டில் பெர்னாந்தோ சோர், மத்தேயோ கார்காசி, மௌரோ ஜூலியானி ஆகியோர் எழுதிய எளிய பயிற்சித் துண்டுகள் வரும். இருநூறு ஆண்டுப் பழமையானவை என்றாலும் கேட்க இனிமையானவை. எல்லாரும் கேட்பது 'ரொமான்ஸ்' என்ற ஸ்பானிய மெட்டைத்தான். அதன் முதல் வரி எளிது. சில வரிகளிலேயே ஒற்றை விரலால் பல தந்திகளை அழுத்தும் இடம் வந்துவிடும். மூன்றாம் மாதத்தில் அதைக் கேட்டு ஆசிரியரை நெருக்குவதால் பயனில்லை.

தேர்வு எழுத வேண்டுமா என்பதும் பெற்றோரிடம் அடிக்கடி எழும் கேள்வி. இங்கு ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டும் நடக்கின்றன. இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் தேறியது டிரினிட்டி தேர்வில். ஏபிஆர்எஸ்எம் தொடக்கநிலையை அடுத்து எட்டு நிலைகள் கொண்டது. 150க்கு 100 எடுத்தால் தேர்ச்சி. இலக்கு ஒன்று இருப்பது நல்லதுதான். ஆனால், ஆண்டு முழுவதும் மூன்றே துண்டுகளை அரைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, சான்றிதழ் வந்ததும் கிட்டாரை மூலையில் சாத்திவிடும். தேர்வுத் துண்டுகளைத் தவிர வேறென்ன சொல்லித்தருவீர்கள் என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. மாதக் கட்டணம் எத்தனை வகுப்புகளுக்கு? வர முடியாத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா? பொது விடுமுறையில் வகுப்பு விழுந்தால்? சோதனை வகுப்பு ஒன்று கிடைக்குமா? இவற்றை எழுத்தில், ஒரு குறுஞ்செய்தியிலாவது, வாங்கி வைப்பது பின்னர் மனக்கசப்பைத் தவிர்க்கும். இணையவழி வகுப்பில் ஒலி தாமதமாக வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. கைகளையும் ஒரே கோணத்தில்தான் பார்க்கலாம். முதல் சில மாதங்களாவது நேரில் செல்வது நல்லது.

கடைசியாக, நம் பருவநிலை. மரத்தாலான கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது. வெளியே நமக்கு 80க்கும் மேல். குளிரூட்டி நேரே படும் இடத்திலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்க வேண்டாம், உறைக்குள் ஈரப்பதம் சீராக்கும் பை ஒன்று போட்டு வையுங்கள். தந்தி மாற்றுவதாக இருந்தால் வகுப்புக்கு முந்தைய இரவு மாற்றாதீர்கள். புது நைலான் இழுபட்டு நிலைபெறச் சில நாள் ஆகும். அதுவரை கட்டணம் செலுத்திய நேரத்தில் பாதி சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும்.