கலச மஹால் மறுசீரமைப்பு

கலச மஹால், சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் இரு பகுதிகளுள் ஒன்று. மற்றொன்று ஹுமாயூன் மஹால். 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் இல்லமாக எழுந்த இக்கட்டடம், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசின் கைக்கு வந்தது. அன்றுமுதல் கல்லூரியாகவும் அரசு அலுவலகமாகவும் இயங்கி, 2012இல் தீக்கிரையானது. தமிழ்நாடு பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்த பின், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடியேறியது.

தோற்றம்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கான் வாலாஜா, ஆங்கிலேயரின் கோட்டைக்கு அருகில் இருக்க விரும்பிச் சேப்பாக்கத்தில் இந்த அரண்மனையைக் கட்டினார். பணி 1768இல் முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளரான பால் பென்ஃபீல்டு இதை வடிவமைத்ததாகக் கருதப்படுகிறது. இந்தோ-சாரசெனிக் பாணியின் தொடக்ககாலக் கட்டடங்களுள் ஒன்றாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். மாடியுடன் கூடிய கலச மஹால் நவாபின் வாழ்விடம். ஹுமாயூன் மஹால் தர்பார் கூடிய இடம்.

அரசு அலுவலகமான அரண்மனை

கடைசி நவாப் குலாம் முகமது கௌஸ் கான் 1855இல் வாரிசின்றி இறந்தார். தலைமை ஆளுநர் டல்ஹௌசி காலத்து வாரிசு இழப்புக் கொள்கையின்படி நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது. கடனுக்காக ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசே வாங்கிக்கொண்டது. வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் இங்கு இடம்பெற்றன. இன்று கிண்டியில் உள்ள பொறியியல் கல்லூரி, 1920இல் அங்கு இடம்பெயரும்வரை சேப்பாக்கத்தில்தான் இயங்கியது.

புதிதாக வந்த அலுவலகங்களுக்காகக் கட்டடத்தை மாற்றியமைத்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். இரு மஹால்களுக்கும் நடுவே நிற்கும் உயர்ந்த கோபுரமும் வருவாய் வாரியக் கட்டடமும் அவர் சேர்த்தவை. அரண்மனையின் இருபுறமும் உள்ள மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் இல்லம் ஆகியவற்றை வடிவமைத்தவரும் அவரே. பழைய பாணியோடு ஒட்டிப்போகும்படி அவர் கட்டியதால், எது நவாப் காலத்தது, எது பின்னால் வந்தது என்று பார்த்தவுடன் பிரித்தறிவது கடினம்.

இதற்கு நேர்மாறான மாற்றமும் அதே காலத்தில் நிகழ்ந்தது. 1798இல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டப்பட்ட ராயப்பேட்டைக் கட்டடம் ஒன்றைச் சிஷோம் மாளிகையாக மாற்றியமைத்தார். நவாபின் உறவினரான ஆர்க்காட்டு இளவரசரின் குடும்பம் 1876இல் குடியேறிய அமீர் மஹால் அதுவே. ஒரே நகரில், ஒரே கட்டடக் கலைஞரின் கையால், அரண்மனை அலுவலகமாயிற்று, அலுவலகம் அரண்மனையாயிற்று.

தீவிபத்து

2012 ஜனவரி 16 அதிகாலையில், பொங்கல் விடுமுறையின்போது, கலச மஹாலில் தீப்பிடித்தது. தொழில் வணிகத் துறை, சமூக நலத் துறை ஆகியவற்றின் அலுவலகங்கள் அப்போது அங்கு இருந்தன. மர உத்திரங்களும் அடுக்கிய கோப்புகளும் தீக்கு இரையாகிக் கூரை சரிந்தது. தீயணைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். எஞ்சியவை பெரும்பாலும் சுவர்களே. அவற்றை இடித்துவிடலாமா, மீட்கலாமா என்ற விவாதம் எழுந்து, இறுதியில் மீட்பதென முடிவாயிற்று.

சீரமைப்பு முறை

பழங்கட்டடப் பணியில் முதற்பாடம் சிமெண்டைத் தவிர்ப்பது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். அதில் கரைந்த உப்பு செங்கலை அரித்து, பூச்சு உதிரும். கடற்காற்றின் உப்பு இடைவிடாது படியும் சேப்பாக்கத்தில் இத்தீங்கு மேலும் அதிகம். எனவே கலச மஹாலில் சுண்ணாம்புச் சாந்தே கையாளப்பட்டது.

இந்தச் சாந்து ஒரே நாளில் ஆவதன்று. சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணலுடன் அரைத்துப் பல நாள் புளிக்கவிடுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் அதில் சேரும். சாந்து சட்டென இறுகாமல், கரண்டிக்கு இசைந்து வர இது உதவுகிறது. சிமெண்ட் பூச்சு சில நாட்களில் கெட்டிப்படும்; சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மாதக் கணக்கில் இறுகும். பணி நீளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் முறை பின்பற்றப்பட்டது. மரபான இம்முறையில், உத்திரங்களின்மேல் வரிசையாகப் பதித்த சட்டங்களுக்குக் குறுக்கே, மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக, விளிம்பு நிற்கும்படி அடுக்கிச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காய் நீர் தெளித்தபடி மரக்கட்டைகளால் நாள்தோறும் தட்டுவர். கட்டை பட்டால் பதியாத அளவுக்குக் காரை இறுகிய பிறகே மேலே தட்டோடு பதிப்பது வழக்கம். இத்தளம் வெயிலைத் தடுத்து உள்ளே குளிர்ச்சி தரும்.

பழைய வடிவத்தை மீட்பது பாதி வேலைதான். அலுவலகங்கள் காலப்போக்கில் இடும் தடுப்புச் சுவர்கள், பொய்க்கூரைகள், தாறுமாறான மின்கம்பிகள் ஆகியவற்றை அகற்றினால்தான் கூடங்களின் உண்மையான உயரமும் வளைவுகளும் வெளிப்படும். மறுபுறம், ஒரு நீதிமன்றம் இயங்க விசாரணைக் கூடமும் உறுப்பினர் அறைகளும் ஆவணக் காப்பிடமும் குளிரூட்டலும் வேண்டும். பழஞ்சுவரில் இடும் ஒவ்வொரு துளையையும் கணக்குப் பார்த்தே இட வேண்டியிருப்பதால், இத்தகைய பணிக்குப் புதுக்கட்டடத்தை விடக் கூடுதல் திட்டமிடல் தேவை.

இன்றைய நிலை

2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது கலச மஹாலில் இயங்குகிறது. தென் மாநிலங்கள், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றின் சுற்றுச்சூழல் வழக்குகள் இங்கு விசாரிக்கப்படுகின்றன. கலச மஹாலைத் தொடர்ந்து ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித் துறை சீரமைத்தது. அங்கு விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது.

முன்னே எழிலகம் என்னும் அரசு அலுவலக வளாகத்தின் அடுக்குமாடிகள் மறைப்பதால், காமராசர் சாலையில் செல்வோர் கண்ணுக்கு அரண்மனை எளிதில் படுவதில்லை. அதன் முழு அழகைக் காண, வளாகத்துக்குள் நடந்துதான் செல்ல வேண்டும்.