கழற்சிங்கர் தேவிக்கு நேர்ந்த தண்டனை

சமயத்தின் பேரால் உடல்மேல் விதிக்கப்பட்ட தண்டனைகள் பெரிய புராணத்தில் பல உண்டு. தந்தையின் காலைத் துணித்த சண்டேசுரர், சிவனடியாரை இகழ்ந்தோர் நாவை அரிந்த சத்தி நாயனார், கோயில் நெல்லை உண்ட சுற்றத்தாரை வெட்டிய கோட்புலியார் ஆகியோர் வரலாறுகள் யாவரும் அறிந்தவை. எனினும், திருவாரூரில் ஒரு பூவை முகர்ந்ததற்காக ஓர் அரசி மூக்கையும் கையையும் இழந்த வரலாற்றைப்போல் வாசகரைத் தடுமாற வைத்தது பிறிதொன்று இல்லை எனலாம்.

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவ்வரலாற்றின் நாயன்மார்களான கழற்சிங்கரையும் செருத்துணையாரையும் பெயர் சொல்லி வணங்கியதோடு நின்றார். நம்பியாண்டார் நம்பி அவர்கள் செயலைச் சுருக்கமாகச் சுட்டினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரே தம் பெரிய புராணத்தில் அதை ஒரு முழுக் காட்சியாக விரித்தார்.

பல்லவ மன்னராகிய கழற்சிங்கர் திருவாரூர்ப் பூங்கோயிலில் வழிபட்டு நின்ற வேளையில், பிராகாரத்தின் அழகுகளைப் பார்த்துக்கொண்டே வலம்வந்த தேவி, மாலை கட்டும் மண்டபத்தருகே விழுந்து கிடந்த புதுமலர் ஒன்றை எடுத்து மோந்தாள். இறைவனுக்குரிய பூவை மோந்துவிட்டாள் எனக் கொண்ட செருத்துணையார், அவள் கூந்தலைப் பற்றி இழுத்து வீழ்த்தி மூக்கை அரிந்தார். அழுகுரல் கேட்டு வந்த அரசர், அஞ்சாது இதைச் செய்தவர் யார் என்று வினவி, காரணத்தைச் செவியுற்றதும், பூவை முதலில் எடுத்த கையையன்றோ தண்டித்திருக்க வேண்டும் என்று சொல்லி, உடைவாளை உருவித் தேவியின் கையைத் துணித்தார். வினவுதல், காரணம் கேட்டல், குற்றத்தின் முதலைக் காணுதல் என ஒரு வழக்கு மன்றத்தின் ஒழுங்கிலேயே காட்சி அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் வரலாற்றையும் இதே திருவாரூரில் வைத்தே சேக்கிழார் பாடியுள்ளார். ஆனால் அங்கே ஓர் உயிர் போயிருந்தது. இங்கே வாடப்போகும் ஒரு பூ.

நூலுக்குள் ஒலிக்கும் எதிர்வினை பாராட்டு ஒன்றே: தொண்டர் ஆர்த்தனர், வானோர் பூமாரி பொழிந்தனர். தேவியின் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. கையிழந்தபின் அவள் கதி என்ன என்பதையும் சொல்லவில்லை.

அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. 1852இல் ஆறுமுக நாவலர் பெரிய புராணத்தை வசனமாக்கியபோது, புலவர்களிடம் மட்டும் இருந்த நூல் எளிய வாசகர் கைக்கு வந்தது. வாசகர் பெருகப் பெருக ஆக்ஷேபமும் பெருகிற்று. கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியார் முதலிய உரைகாரர்கள் முறுகிய பக்தியை உலகியல் நீதியால் அளத்தல் தகாது என்னும் நெறியில் நின்று உரை வகுத்தனர். சுயமரியாதை இயக்கத்தாரோ புராணத்தையே கண்டித்தனர். கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் தீயிட வேண்டும் என்ற பிரச்சாரத்தின்மேல் 1943 பிப்ரவரி 9இல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அவ்வியக்கத்தின் சார்பில் சி. என். அண்ணாதுரையும் நூல்களின் சார்பில் தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளையும், மார்ச் 14இல் சேலத்தில் அண்ணாதுரையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சொற்போர் நிகழ்த்தினர். அண்ணாதுரையின் உரைகள் ‘தீ பரவட்டும்’ என நூலுருப் பெற்றன. பக்தியின் மாண்பு, இலக்கிய நயம், ஆரிய சூழ்ச்சி என வாதங்கள் உயர்ந்த தளங்களிலேயே நடமாடின. தண்டனை பெற்றவளின் பக்கத்திலிருந்து பேசுவது இரு சாராருக்கும் முதன்மையாகப் படவில்லை என்றே தோன்றுகிறது.

பிற்கால ஆராய்ச்சி வேறு திசையில் சென்றது. சோழ மன்னன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டே சேக்கிழார் இந்நூலை இயற்றினார் என்ற மரபுச் செய்தியை ஆதாரமாகக் கொண்டு, இன்பச் சுவை மிகுந்த அக்காவியத்துக்கு எதிராகக் குருதியும் அருவருப்பும் கலந்த இக்காட்சிகள் வேண்டுமென்றே படைக்கப்பட்டன என்று ஆய்வாளர் ஆன் மோனியஸ் 2004இல் வாதிட்டார். இவ்விளக்கம் கவிஞரின் நோக்கத்துக்குப் பொருந்தும். கோயில் பூவை மோந்து பார்க்காதே என்று குழந்தையைக் கண்டிக்கும் தாய்மாரிடம் இன்றும் வழங்கும் ஆசாரத்துக்கு அது போதாது. அந்த ஆசாரம் கண்டிப்போடு நிற்கிறது; செருத்துணையாரின் கத்தியை எவரும் பின்பற்றியதாகத் தெரியவில்லை, அவரைக் குருபூசையில் வணங்குவதோடு சரி.