தொடுமருத்துவமும் பதிவேடும்: ஓர் எதிர்ப்பின் வரலாறு

பெங்களூர் நகரின் பழைய கடைத்தெருக்களில் 'புத்தூர் கட்டு' என்னும் பலகைகளைக் காணலாம். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுதல், சுளுக்கு எடுத்தல், எண்ணெயிட்டு நீவிவிடுதல் ஆகியன அங்கு நடைபெறும் தொழில்கள். ஆந்திர மாநிலத்துப் புத்தூரின் பெயரே பலகையில் தகுதிச்சான்றாக நிற்கிறது. பட்டமோ கல்லூரியோ முதன்மை பெறுவதில்லை. ஊர்ப்பெயரை நம்பி வரும் நோயாளியும், பதிவெண்ணைக் கேட்கும் அரசும் ஒரே தெருவில் இருவேறு தகுதிமுறைகளைச் சார்ந்து நிற்கின்றனர். இவ்விரு முறைகளுக்கிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் பூசலையும், அரசின் கட்டுப்பாட்டை எதிர்த்தோர் முன்வைத்த வாதங்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தடவல், பிடித்தல், எலும்பு கட்டல், வர்மம் இளக்கல் என மருந்தினும் கையே முதன்மை பெறும் சிகிச்சைகள் யாவும் இங்குத் 'தொடுமருத்துவம்' எனப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன.

சொல்லும் தொழிலும்

'மசாஜ்' என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்னரே இத்தொழிலுக்குத் தமிழில் நுட்பமான கலைச்சொற்கள் இருந்தன. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். வர்ம நூல்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களைக் கூறி, அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் தடவுமுறையையும் தனித்தனியே விரிக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள் அடிமுறையையும் இம்மருத்துவத்தையும் ஒருங்கே கற்பித்தனர். உயிர்நிலையைத் தாக்கத் தெரிந்தவனுக்கே மீட்கவும் தெரியும் என்பது அம்மரபின் அடிப்படை.

இன்னொரு சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. முடிதிருத்தும் சமூகத்தார் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் 'மருத்துவர்' என்றும் 'பண்டிதர்' என்றும் அழைக்கப்பட்டனர். கட்டி கீறுதலும் உடம்பு பிடித்துவிடுதலும் அவ்வாடவர் தொழில். மகப்பேறு பார்த்தல் அப்பெண்டிர் தொழில். இன்று பட்டம் பெற்றோரை மட்டும் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் கையால் தொட்டு நோய் தீர்த்த சமூகத்தின் பெயராகவும் விளங்கியது. இச்சொல் கைமாறிய வரலாறும் பதிவேட்டின் வரலாறும் ஒன்றையொன்று தழுவியே செல்கின்றன.

1914ஆம் ஆண்டுச் சட்டமும் எதிர்ப்பும்

பம்பாயில் 1912இலும், சென்னை, வங்காள மாகாணங்களில் 1914இலும் மருத்துவப் பதிவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை வைத்தியர்களின் தொழிலை நேரடியாகத் தடைசெய்யவில்லை. மேனாட்டு மருத்துவம் பயின்றோர்க்கு மட்டும் பதிவேடு ஒன்றை அமைத்து, சட்டப்படி செல்லும் சான்றிதழ் வழங்கும் உரிமையை அவர்க்கே உரியதாக்கின. நேற்றுவரை வைத்தியராக இருந்தவர் மறுநாள் 'பதிவு பெறாதவர்' ஆனார். பதிவு பெற்ற மருத்துவர் பதிவில்லாதவரோடு சேர்ந்து தொழில் செய்வது ஒழுக்கக்கேடு எனக் கருதப்பட்டதால், ஆயுர்வேத நிறுவனங்களோடு தொடர்பு வைத்திருந்த மருத்துவர்கள் பம்பாயிலும் சென்னையிலும் மருத்துவ மன்றங்களின் நடவடிக்கைக்கு உள்ளாயினர். சட்டத்தின் உண்மையான கடுமை இங்குதான் வெளிப்பட்டது. அது வைத்தியரைத் தண்டிக்கவில்லை. அவரைத் தீண்டத்தகாதவராக்கியது எனலாம்.

எதிர்ப்பு விரைந்து எழுந்தது. 1907இல் தோன்றிய அகில இந்திய ஆயுர்வேத மாநாட்டு அமைப்பும் சென்னையில் பண்டித டி. கோபாலாசார்லு போன்றோரும் இதனை நாட்டுரிமைச் சிக்கலாகவே முன்வைத்தனர். அரசு 1918இல் எம்.சி. கோமன் என்னும் மருத்துவரை உள்நாட்டு மருந்துகளை ஆராயுமாறு பணித்தது. அவருடைய அறிக்கைகள் வைத்திய முறைகளைக் குறைத்து மதிப்பிட்டன. சென்னை ஆயுர்வேத சபையும் திராவிட வைத்திய மண்டலமும் 1921இல் அதற்கு மறுப்பு வெளியிட்டன. அவ்வாண்டிலேயே முகமது உஸ்மான் தலைமையில் உள்நாட்டு மருத்துவ முறைகள் பற்றிய குழு அமைக்கப்பட்டது. கேப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி அதன் செயலராகப் பணியாற்றினார். 1923இல் வெளிவந்த குழுவின் அறிக்கை இந்திய மருத்துவத்திற்கு அரசு ஆதரவும் கல்விக்கூடமும் பதிவும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத்து வடிவில் வந்த சாட்சியங்களும் அவ்வறிக்கையோடு அச்சாயின. சித்த வைத்தியம் ஆயுர்வேதத்தின் கிளையன்று என்னும் வாதம் அவற்றில் தெளிவாக ஒலிக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத் தமிழ் உரைநடையை ஆராய்வோர் இச்சாட்சியங்களை இன்னும் உரியவாறு பயன்படுத்தவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கோமன் ஆராய்ந்தது மருந்துகளை. மறுத்தவர்களும் மருந்துகளைக் கொண்டே மறுத்தனர். சாத்திரங்களைக் கொண்டே வாதிட்டனர். ஸ்ரீநிவாசமூர்த்தி தம் குறிப்பில் இந்திய மருத்துவத்தின் கோட்பாடுகள் அறிவியல் தன்மை உடையன என நிறுவ முயன்றார். 'எம்மிடம் நூல் உண்டு, கோட்பாடு உண்டு, மருந்து உண்டு' என்பதே எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதமாயிற்று. நூல் இல்லாத கை, அல்லது நூல் இருந்தும் அதனை மறைவாகப் போற்றிய கை, இவ்வாதத்தில் இடம்பெற வழியில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு வீடுவீடாகச் சென்ற 'மருத்துவர்' சமூகத்தானைப் பாதுகாக்க அவர்கள் அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை. சொல்லப்போனால், தம்மையும் அவனையும் ஒன்றாக எண்ணிவிடலாகாதே என்னும் அச்சம் அவர்களை உந்தியது எனக் கருத இடமுண்டு. 'போலி வைத்தியர்' என்று ஆங்கில மருத்துவர் தம்மை நோக்கி வீசிய சொல்லைக் கற்றறிந்த வைத்தியர்கள் தமக்குக் கீழே இருந்தோரை நோக்கித் திருப்பினர். பதிவேட்டை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம் தனக்கென ஒரு பதிவேட்டைப் பெற்றது. 1930களில் சென்னை மாகாணத்தில் இந்திய மருத்துவ மைய வாரியம் அமைந்து வைத்தியர்களைப் பதிவு செய்யத் தொடங்கிற்று.

அயல்நாட்டு ஒப்புமை

இப்போக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இலண்டன் மசாஜ் இல்லங்கள் சில பாலியல் தொழிலுக்குத் திரையாக உள்ளன என எழுதியது. அவ்வாண்டிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் நால்வர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மருத்துவர் கூறினாலன்றிச் சிகிச்சை செய்வதில்லை, பொது இதழ்களில் விளம்பரம் செய்வதில்லை எனத் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டனர். 1920இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கமே இன்றைய பிசியோதெரபித் தொழிலின் முன்னோடி. அவர்கள் அரசின் கட்டுப்பாட்டை முந்திக்கொண்டு தாமே வேலி இட்டனர். அவ்வேலிக்கு வெளியே நின்றோர் ஐயத்திற்குரியவராயினர். அந்நாட்டில் 'சாம்பூயிங்' எனும் இந்திய மர்த்தனத்தைப் பரப்பியவர் பிரைட்டனில் நீராவிக் குளியலகம் நடத்திய பாட்னாவைச் சேர்ந்த சேக் தீன் முகம்மது என்பதும், அவர் இது குறித்து 1822இல் நூல் எழுதினார் என்பதும், நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அத்தொழில் செய்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. அவரிடம் எவரும் பதிவெண் கேட்கவில்லை.

தென்கொரியாவில் நிலைமை தலைகீழானது. அங்கு மசாஜ் தொழில் பார்வையற்றோர்க்கே உரியதாக இருந்தது. இவ்விதி பிறருடைய தொழிலுரிமையைப் பறிக்கிறது என அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 மே மாதம் தீர்ப்பளித்தபோது, பார்வையற்றோர் சியோல் நகரின் பாலத்திலிருந்து ஹான் ஆற்றில் குதித்துப் போராடினர். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை மீட்டது. 2008இல் நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆக, கட்டுப்பாடு எவருடைய சோற்றைப் பறிக்கிறது, எவருடைய சோற்றைக் காக்கிறது என்பதைப் பொறுத்தே எதிர்ப்பின் திசை அமைகிறது.

1953 முதல் 2018 வரை

விடுதலைக்குப் பின் சிக்கல் புதிய வடிவம் கொண்டது. 1953ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கொச்சி மருத்துவர் சட்டம் பதிவு பெறாதோர் தொழில் செய்தலைத் தடுத்தது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி அம்மாநிலத்தோடு இணைந்திருந்தது. எனவே வர்ம மரபின் தாயகம் எனத்தக்க நிலப்பகுதியே இச்சட்டம் இயற்றப்பட்டபோது அதன் எல்லைக்குள் இருந்தது. 1970ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மைய மன்றச் சட்டம் நாடு முழுமைக்கும் பொது வரையறையைக் கொணர்ந்தது. மாநிலப் பதிவேட்டில் முன்னரே இருந்தோரின் உரிமையையும், பதிவேடு இல்லாத மாநிலங்களில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தோரின் உரிமையையும் அது காத்தது. ஆனால் இப்பாதுகாப்பு அத்தலைமுறைக்கு மட்டுமே உரியது. தந்தைக்குச் செல்லும் உரிமை மகனுக்குச் செல்லாது. பரம்பரை என்பதே தகுதியாக இருந்த மரபில் பரம்பரையை அறுக்கும் விதி இது.

கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றத்தில் தோற்று உச்சநீதிமன்றத்தை அணுகினர். நீதிபதிகள் ஆர்.கே. அகர்வால், மோகன் எம். சாந்தனகௌடர் ஆகியோர் 2018 ஏப்ரல் 13இல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதோர் மருத்துவம் செய்வது மக்கள் உயிருக்குத் தீங்கு என்பதே தீர்ப்பின் சாரம். இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தவறாகக் கட்டப்பட்ட எலும்பு வாழ்நாள் முழுவதும் கோணலாகவே நிற்கும். இறுகக் கட்டிய கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டு உறுப்பையே இழந்தோரும் உண்டு. பாரம்பரியத்தைப் போற்றும் நம் துறையினர் இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனினும் தொழில் அறிந்த ஆசானையும் அறியாத ஏமாற்றுக்காரனையும் பிரித்தறியும் வழி எதனையும் பதிவேடு தரவில்லை. இருவரையும் ஒரே சொல்லால் விலக்கியது.

இதனிடையே அரசு அவ்வறிவை விலக்கவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. வர்மமும் தொக்கணமும் சித்த மருத்துவ மேற்படிப்பில் 'சிறப்பு மருத்துவம்' என்னும் பிரிவில் பாடமாக உள்ளன. ஆசான்கள் மறைபொருளாகக் காத்த சுவடிகள் அச்சேறின. அவற்றைப் பதிப்பித்தோருள் தமிழறிஞரும் உளர். அறிவு பாடத்திட்டத்திற்குள் சென்றது. அறிந்தவர் வெளியே நின்றார். ரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட கன்னியாகுமரி வர்ம மருத்துவம் பற்றிய ஆய்வு நூல், மறைத்துக் காத்தல் அம்மரபின் உள்ளியல்பு என்பதை விளக்குகிறது. சீடனின் பொறுமையை நெடுங்காலம் சோதித்த பின்னரே உயிர்நிலைகளைக் காட்டும் ஆசானை நோக்கி, 'உன் முறையை எழுதிக் கொடு, சான்று தருகிறோம்' என்பது அவர் சான்றாகக் கருதுவதையே துறக்கச் சொல்வதாகும்.

காவல்துறையின் வாயில்

தொடுமருத்துவத்தை அரசு அணுகும் மற்றொரு வாயில் காவல்துறை. நகரங்களில் ஸ்பா எனப்படும் நிலையங்கள் பெருகியபின் இவ்வாயிலே அகன்றது. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட வேண்டுமென ஆணையிட்டார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அது தனிமனித அந்தரங்க உரிமைக்கு முரண் என வேறுபட்டார். அவர் சான்றாகக் கொண்டது 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு. அவ்வழக்கைத் தொடுத்தவர் பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. ஆதார் அட்டையை எதிர்த்து எழுந்த வாதம் எண்ணெய் தேய்க்கும் அறைக்குள்ளும் நுழையும் என அவர் எண்ணியிருக்க மாட்டார்! அவ்வாண்டு தில்லியில் ஆண் பெண் மாறிச் சிகிச்சை அளிப்பதற்கு விதிக்கப்பட்ட தடையையும் தில்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் நிறுத்தி வைத்தது. இவ்வழக்குகளில் நிலையத்தார் 'நாங்கள் செய்வது சிகிச்சை' என்றே வாதாடினர். சிகிச்சை எனில் பதிவெண் எங்கே என்று மருத்துவச் சட்டம் கேட்கும். ஒரு வாயிலில் தப்பும் வாதமே மற்றொரு வாயிலில் சிக்கவைக்கிறது.

பெங்களூர் முயற்சி

கருநாடகத்தில் 1961ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இன்று ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு இயற்கை மருத்துவத்தையும் யோகத்தையும் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. இயற்கை மருத்துவத்தில் மர்த்தனம் முதன்மையான சிகிச்சை. ஆயினும் அம்மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும் கை ஒருவருடையது, பதிவெண் மற்றொருவருடையது.

1993இல் பெங்களூரில் தர்ஷன் சங்கர் நிறுவிய வட்டார நலவாழ்வு மரபுகள் மறுமலர்ச்சி அறக்கட்டளை வேறொரு வழியை நாடியது. இந்தியத் தர மன்றத்தோடு இணைந்து நாட்டு வைத்தியர்க்கான விருப்பச் சான்றளிப்பு முறை ஒன்றை அது உருவாக்கியது. எலும்பு கட்டுவோரும் மருத்துவச்சியரும் அதில் தனித்தனி வகையினர். தேர்வுத்தாளுக்கு மாறாக, வைத்தியரின் செய்முறையைக் கண்டும் அவரை வாய்மொழியாக வினவியும் தகுதி மதிப்பிடப்படுகிறது. 1923ஆம் ஆண்டுக் குழுவின்முன் சாத்திரம் காட்டியோர் கேளாத ஒன்றை, அதாவது கையைக் கையாகவே அளக்க வேண்டும் என்பதை, இம்முறை முதன்முதலாக ஏற்றது. இதில் சேர்வது கட்டாயமன்று. இது தொழில் செய்யும் சட்ட உரிமையை வழங்குவதுமில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டு இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பதிவேட்டில், அச்சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் எலும்பு வைத்தியரின் பெயருக்கு அச்சான்றினால் இடம் கிடைப்பதில்லை.