குக்கீ ஒப்புதல்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுவது என்ன?

மைசூரு மகாராஜா கல்லூரியில் பயின்றவரும் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதியுமான கே.எஸ்.புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதன் தொடர்ச்சியாக, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேற்றப்பட்டது.

இணையதளங்கள் பயனரின் கைப்பேசி அல்லது கணினியில் பதிந்து வைக்கும் சிறு கோப்பே குக்கீ. இச்சொல் சட்டத்தில் இடம்பெறவில்லை. எனினும், குக்கீ திரட்டும் தகவல் ஒருவரை அடையாளம் காட்டுமானால் சட்டம் பொருந்தும்.

ஒப்புதலுக்குப் பயனரின் தெளிவான செயல் தேவை, மௌனம் ஒப்புதலாகாது. அளித்த அதே எளிமையுடன் அதைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் வழங்கப்பட்டுள்ளது.