சேத்துப்பட்டிலிருந்து போன கட்டுரை

1950களில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் ஒரு வீட்டில் டி.பி. என்று தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பமே ஒடுங்கிப்போகும். பின்னி மில்லிலும் துறைமுகத்திலும் ரயில்வே பட்டறையிலும் உழைத்தவர்கள் ஒற்றை அறைக்குள் பிள்ளைகுட்டிகளோடு நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. நோயாளியைத் தனியே படுக்கவைக்க இன்னொரு அறை கிடையாது. பாலுக்கும் முட்டைக்கும் பணம் கிடையாது.

மருத்துவம் அப்போது சொன்ன வழியோ சானடோரியம். மாதக்கணக்கில் ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. இங்கிலாந்தில் கணிதமேதை இராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான். அதன் பெயர் இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. ஆனால் நாட்டில் காசநோயாளிகள் பல லட்சம் பேர். அவர்களுக்கு இருந்த படுக்கைகளோ சில பத்தாயிரம். வரிசையில் காத்திருந்தே பலர் இறந்தார்கள்.

இந்த இடைவெளியை என்ன செய்வது என்று கண்டறியத்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை முன்னின்று நடத்தினார். இந்திய மருத்துவர்கள், செவிலியர்கள், புள்ளியியலாளர்கள், வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்கள் என ஒரு பெரும் குழுவே அதற்காக உழைத்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. நகரத்தின் ஏழை எளியவர்கள், சளியில் கிருமி இருந்தவர்கள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டிலேயே இருப்பது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். இரண்டும் ஓராண்டுக்கு. பி.ஏ.எஸ். வயிற்றைக் குமட்டும் மருந்து, அளவும் அதிகம். வீட்டில் இருந்தவர்கள் அதை விழுங்கிக்கொண்டே சமைத்தார்கள், வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய சாப்பாடு சானடோரியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. எடை கூடியதும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிகம்.

அப்படியிருந்தும் ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் கிருமி நீங்கித் தேறியிருந்தார்கள். தேறியதற்குக் காரணம் மருந்து. படுக்கையோ பாலோ அல்ல. எலும்புருக்கிக்கு ஓய்வே மருந்து என்று பல தலைமுறை நம்பியதை இந்தச் சிறு ஆய்வு புரட்டிப்போட்டது.

அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1966இல் வெளிவந்த முடிவு தாய்மார்களுக்கு நிம்மதி தருவது: வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. தொற்றுக்குப் பெரிதும் காரணம் நோய் கண்டுபிடிக்கப்படும் முன் கடந்துபோன நாட்களே. மருந்து தொடங்கிய பின் நோயாளியைப் பிரித்துவைப்பதால் பெரிய பலன் கிடைக்கவில்லை.

முதல் முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் இதழில் வந்தன. ஏறத்தாழ நூறு பக்கம் நீளும் அந்தக் கட்டுரைக்கு ஆசிரியராக அச்சிடப்பட்டது ஒரு மனிதரின் பெயரல்ல, மையத்தின் பெயர். ஓர் ஆராய்ச்சியாளரின் செல்வாக்கை, பிறர் அவரை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அளக்கும் காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியது 1960களில். நுரையீரல் மருத்துவத்தில் இவ்வளவு தூரம் பயணித்த சென்னை ஆய்வு வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் அதன் மேற்கோள்கள் எந்தத் தனி மருத்துவரின் கணக்கிலும் முழுதாகச் சேராது. அந்தப் புகழ் கூட்டு உழைப்புக்கே உரியது. குமட்டலைச் சகித்து மருந்து விழுங்கிய நோயாளிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

மேலைநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னை ஆய்வும் ஒரு வலுவான காரணம். ஃபாக்ஸை வாட்டிய கேள்வி வேறு. உடம்பு தேறியதாகத் தோன்றியதும் நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார். அதை எப்படித் தடுப்பது? முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகு, பணியாளரின் கண்ணெதிரே வாரம் இருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 1964இல் வெளியிட்டார்கள். அதுவும் பலித்தது.

மூன்று பதிற்றாண்டு கழித்து கண்ணெதிரே மருந்து கொடுக்கும் அதே வழிமுறை, டாட்ஸ் என்ற காசநோய்ச் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு தூணாக உலகெங்கும் பரவியது. 1995இல் லான்செட் இதழில் அதன் வரலாற்றை எழுதிய பேயரும் வில்கின்சனும், அந்தச் சிந்தனை தொடங்கிய இடங்களாகச் சென்னையையும் ஹாங்காங்கையும் குறிப்பிட்டார்கள்.