பெற்றோர் வரக்கூடாது என்றொரு விதி

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் தனியாக எல்லை கடக்க நேர்ந்தால், பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டும்படி இன்று பல நாடுகள் கேட்கின்றன. பெற்றோர் உடன் வராததற்கு விளக்கம் வேண்டும் என்பதே இதன் பொருள். பெற்றோர் உடன் வராமலிருப்பதையே நிபந்தனையாக்கிய ஒரு விதியும் வரலாற்றில் உண்டு.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் யூத வழிபாட்டிடங்கள் எரிந்தன. நவம்பர் 21 அன்று பிரிட்டனின் உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர் நாடாளுமன்றத்தில் புதிய ஏற்பாட்டை அறிவித்தார். பதினேழு வயதுக்குட்பட்ட அகதிக் குழந்தைகள் வரலாம். கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதில்லை, ஓர் அடையாள அட்டை போதும். செலவைத் தனியார் அமைப்புகள் ஏற்கவேண்டும். தங்குவது தற்காலிகமே. 1939இல் இதனுடன் குழந்தைக்கு 50 பவுண்டு பிணைத்தொகையும் சேர்ந்தது; பின்னாளில் அவர்களை நாட்டைவிட்டு அனுப்பும் செலவுக்காக.

பெற்றோருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. வேலையின்மை மிகுந்திருந்த காலம். வயது வந்தவர்கள் வந்தால் வேலைக்குப் போட்டியாவார்கள் என்ற அச்சம் நிலவியது. வீட்டுப் பணிப்பெண்களுக்கான விசா பெற்றுத் தனியே வந்துசேர்ந்த தாய்மார் சிலர் உண்டு. ஆனால் அது வேறு வாசல். பிள்ளையை அறியாத நாட்டுக்கு அனுப்புவதா, கொடுமையின் நடுவே வைத்துக்கொள்வதா என்ற பெற்றோரின் இக்கட்டை ஹோர் அவையிலேயே குறிப்பிட்டார். விதியை அறிவித்தவர் அதன் விலையை அறிந்தே இருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஜெர்மானியத் தரப்பின் விதிகள் வேறு. தானே சுமக்கக்கூடிய ஒரு பெட்டி, பத்து மார்க் பணம். விலையுயர்ந்த பொருள் எதுவும் கூடாது. கழுத்தில் எண் பொறித்த அட்டை. சில நிலையங்களில் பெற்றோர் நடைமேடைக்கு வருவதும் தடுக்கப்பட்டது.

முதற்குழுவாகச் சுமார் 200 குழந்தைகள் 1938 டிசம்பர் 2 அன்று ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினர். 1939 செப்டம்பரில் போர் மூண்டு வழி அடைபடும் வரை ஏறக்குறைய 10,000 பேர் வந்தனர். அமெரிக்காவிலோ, இரண்டாண்டுகளில் 20,000 குழந்தைகளை அனுமதிக்கக் கோரிய வாக்னர்–ரோஜர்ஸ் மசோதா 1939இல் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. ஆகவே பிரிட்டனின் கதவு திறந்தது சிறிய காரியமன்று.

எனினும் அக்குழந்தைகளில் மிகப் பலர் தம் பெற்றோரை மீண்டும் காணவில்லை. 1940இல் 'எதிரி நாட்டவர்' என்ற பெயரில் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டோரில், இப்படி வந்து பதினாறு வயதைக் கடந்திருந்த ஏறத்தாழ 1,000 பேரும் இருந்தனர். குழந்தை என்ற தகுதி அந்த வயதோடு தீர்ந்துபோயிற்று.

ஆறு வயதில் பிராகாவிலிருந்து இப்படி வந்தவர் ஆல்ஃப் டப்ஸ். 2016இல், பிரபுக்கள் அவை உறுப்பினராக, ஐரோப்பாவில் துணையின்றித் தவித்த அகதிச் சிறாரில் 3,000 பேரை ஏற்கும்படி சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். எண்ணிக்கை நீக்கப்பட்டே அது சட்டமாயிற்று. அரசு இறுதியில் நிர்ணயித்தது 480.

சிறுவர் தனியே எல்லையில் நிற்கும்போது, பெற்றோரின் கையெழுத்து எங்கே என்று கேட்கிறோம். பெற்றோர் ஏன் வரமுடியவில்லை என்ற கேள்வி 1938இலும் விதியில் இடம்பெறவில்லை. விடை தெரிந்திருந்ததுதான் காரணம்.