நிகர எடை

ஸ்வீடனில் பிர்கா என்ற பழைய துறைமுகத்தின் கல்லறைகளை 1870களில் யால்மார் ஸ்டோல்பெ தோண்டத் தொடங்கினார். வைக்கிங் பெண்களின் எலும்புகூட மக்கிவிட்ட குழிகளில், ஆமை ஓடு போன்ற வெண்கல உடை ஊசிகள் ஜோடி ஜோடியாகக் கிடைத்தன. தோளுக்குச் சற்றுக் கீழே, இருபுறமும், மேலுடையின் வார்களைப் பிடித்திருந்தவை. நடுவே மணிச்சரம். ஊசியின் பின்புறத்தில் துணியின் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தாமிரக் களிம்பு அவற்றை மக்கவிடவில்லை. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் வழக்கொழிந்துபோன அந்த உடையைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி இத்துணுக்குகள் தந்தது.

நம் கிழவிகளின் பின்கொசுவக் கண்டாங்கிக்கு ஊசி கிடையாது. எல்லாம் முடிச்சும் செருகலும்தான். உலோகம் உடையை விட்டுக் காதுக்குப் போயிற்று என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது சரித்திரமாகாது. சொல்லக்கூடியது இவ்வளவே: தண்டட்டி எதையும் தாங்கவில்லை, அதைத்தான் காது தாங்கியது. சிறுவயதிலேயே குத்தி, பஞ்சும் ஓலைச்சுருளும் திணித்து, ஈயக் குணுக்கு தொங்கவிட்டுத் தோள்வரை வளர்த்த காது. நகைக்கு வெளியே பொன் தகடு, உள்ளே அரக்கு. அடுத்த தலைமுறையில் பலர் அந்தக் காதைத் தைத்துக்கொண்டார்கள்.

நான் வேலை பார்க்கும் பாங்க்கின் நகைக்கடன் கவுண்டருக்குப் போன வருஷம் பொட்டிப்புரத்துப் பாட்டி ஒருவர் தண்டட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். மதிப்பீட்டாளர் உரைத்தார், நிறுத்தார், அரக்குக்கென்று கழித்தார். மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு கட்டங்களை நான் நிரப்பினேன்.

“உள்ள இருக்க அரக்கையும் சேத்துத்தான தம்பி அறுவது வருசமாச் செமந்தேன்?” என்றார் பாட்டி.

எனக்குப் பதில் வரவில்லை. வெறுங்காது தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில், ஒருகாலத்தில் பொன் நெற்றிப்பட்டத்தை இறந்தவரோடு புதைத்தார்கள். 1900ஐ ஒட்டிய வருஷங்களில் அலெக்ஸாண்டர் ரீ அவற்றை வெளியே எடுத்தார். இன்று நாம் கழற்றிக்கொண்டுதான் அனுப்புகிறோம். மீட்காத தண்டட்டி ஏலத்துக்குப் போகிறது. மீட்டது பேத்தியின் சங்கிலியாகிறது. இரண்டுக்கும் வழி மூசைதான். அரக்கு முதலில் எரிந்துபோகும்.

தோண்டுகிறவனுக்கு இங்கே எதுவும் கிடைக்காது. என் பதிவில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அரக்கின் எடை வரும். காதுக்குக் கட்டம் இல்லை.